பலகையில் பிழைக்கிறது, கலைத்துப் போட்டால் அழிகிறது: எதை நம்புவது?

தும்பி:

முதுகலைத் திட்டப்பணிக்காக இரை, கொன்றுண்ணி உறவை செல்லுலார் ஆட்டோமேட்டா முறையில், அதாவது ஒவ்வொரு கட்டமும் தன் அண்டைக் கட்டங்களைப் பொறுத்து ஒரே விதிப்படி படிக்குப் படி மாறும் பலகையாக, எழுதியிருக்கிறேன். சதுரப் பலகை. ஒவ்வொரு கட்டமும் காலியாக இருக்கும், அல்லது அதில் ஓர் இரையோ ஒரு கொன்றுண்ணியோ இருக்கும். இரை தன் நான்கு அண்டைக் கட்டங்களில் காலியாக உள்ள ஒன்றில் ஒரு குறிப்பிட்ட நிகழ்தகவுடன் குட்டி போடும். கொன்றுண்ணி அண்டையில் உள்ள இரையைத் தின்றால் அந்தக் கட்டத்தில் புதிய கொன்றுண்ணி பிறக்கும். கொன்றுண்ணிக்கு ஒவ்வொரு காலப் படியிலும் சாவதற்கு ஒரு நிகழ்தகவு உண்டு. அவ்வளவுதான் விதிகள். பலகையின் ஓரங்களை எதிர் ஓரங்களோடு ஒட்டிவிட்டேன்.

50க்கு 50 பலகையில் கொன்றுண்ணி சீக்கிரமே அற்றுப்போகிறது. அதே எண்களை வைத்து 500க்கு 500 பலகையில் ஓட்டினால், இரை முன்னே ஓட, கொன்றுண்ணி பின்னே துரத்த, அலை அலையாக இரண்டும் நெடுங்காலம் நீடிக்கின்றன. ஒவ்வொரு படிக்குப் பிறகும் எல்லோரையும் பலகை முழுவதும் கலைத்துப் போட்டால், பெரிய பலகையிலும் அழிவுதான். இது போதாதென்று, எல்லாக் கட்டங்களையும் ஒரே நேரத்தில் புதுப்பிப்பதற்குப் பதிலாகக் குலுக்கல் முறையில் ஒவ்வொன்றாகப் புதுப்பித்தால், அலையின் தடிமனும் மாறுகிறது, சராசரி எண்ணிக்கையும் மாறுகிறது.

என் நெறியாளர் “லோட்கா, வால்டெர்ரா வளைவு வந்ததா இல்லையா?” என்று மட்டும் கேட்கிறார், இரண்டின் எண்ணிக்கையும் மாறி மாறி ஏறி இறங்கும் அந்த வளைவைத்தான். இத்தனை விடைகளில் எதைச் சரியானது என்று அறிக்கையில் வைப்பது?

அலைமுகம்:

அந்த வளைவு வரவில்லை என்றால் அதுவே உங்கள் அறிக்கையின் முக்கியமான பக்கம்.

லோட்கா 1925இலும் வால்டெர்ரா 1926இலும் எழுதிய சமன்பாடுகளில் இடம் என்ற ஒன்றே கிடையாது. எந்தக் கொன்றுண்ணியும் எந்த இரையையும் சம வாய்ப்போடு சந்திக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை அவை. நீங்கள் எல்லோரையும் கலைத்துப் போட்டபோது செய்தது அதைத்தான். ஆனால் சமன்பாட்டில் எண்ணிக்கை 0.3 என்று இறங்கி மறுபடி ஏறலாம். பலகையில் ஒன்றுக்குக் கீழே பூஜ்யம்தான். அதோடு அந்தச் சமன்பாடுகளின் சுழற்சிக்கு மீண்டு வரும் குணம் இல்லை. சற்றுத் தள்ளிவிட்டால் தள்ளிய இடத்திலிருந்தே புதிய வட்டத்தில் சுற்றத் தொடங்கும். தற்செயலான பிறப்பும் சாவும் அதை மேலும் மேலும் வெளி வட்டத்துக்குத் தள்ளிக்கொண்டே போய், ஒருநாள் அச்சில், அதாவது பூஜ்யத்தில், மோதவிடும். கலைத்துப் போட்ட பலகையில் நீங்கள் பார்த்த அழிவு அதுதான்.

இடம் வந்தவுடன் என்ன மாறுகிறது என்பதை இதைவிட எளிய மாதிரியில் கிட்டத்தில் பார்க்கலாம். கொன்றுண்ணியை விட்டுவிடுங்கள். 10,000 கட்டங்கள், ஒரே ஒரு செடியினம். செடி சாகும், அண்டைக் கட்டத்தில் விதை போடும், நிரம்பிய கட்டத்தில் விழும் விதை வீண். இப்போது பலகையில் இரண்டே செடிகள், ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் நான்கு அண்டைகளில் ஒன்றை மற்றது அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே விதைகளில் கால் பங்கு வீண். சமன்பாட்டைக் கேட்டால், 10,000 கட்டங்களில் இரண்டுதானே நிரம்பியிருக்கின்றன, வீணாவது 0.02 சதவீதம் என்று சொல்லும். பிள்ளை பெற்றோருக்குப் பக்கத்திலேயே பிறப்பதால், இனம் எவ்வளவு அரிதாக இருந்தாலும் நெரிசல் கூடவே வருகிறது.

இதைத் தொற்றுச் செயல்முறை என்பார்கள். தியோடர் ஹாரிஸ் 1974இல் ஆராய்ந்த மாதிரி. நன்றாகக் கலந்த நிலையில் பிறப்பு வீதம் சாவு வீதத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும், அதாவது விகிதம் 1ஐத் தாண்டினால் இனம் பிழைக்கும். நான்கு அண்டைகள் கொண்ட சதுரப் பலகையில் அந்த விகிதம் ஏறக்குறைய 1.65ஐத் தாண்ட வேண்டும். இங்கே இடம் உயிருக்கு எதிராக வேலை செய்கிறது. உங்கள் இரை, கொன்றுண்ணிப் பலகையில் சாதகமாக வேலை செய்கிறது. இடத்தைச் சேர்த்தால் எல்லாம் நிலைபெற்றுவிடும் என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள்.

மின்மினி:

புதியவன், பொறுத்துக்கொள்ளுங்கள். பலகையில் கட்டங்கள் உயிர்த்தும் செத்தும் மாறும் கான்வேயின் ‘உயிர் விளையாட்டு’ ஏற்கெனவே பிறப்பு, சாவு, நெரிசல் எல்லாவற்றையும் கொண்டிருக்கிறதே? அதையே இனத்தொகை மாதிரியாக வைத்துக்கொண்டால் என்ன?

எண்சட்டம்:

1970இல் அது பிரபலமானதிலிருந்தே இந்தக் கேள்வி இருக்கிறது. சரியாக மூன்று அண்டைகள் நிரம்பியிருந்தால் மட்டுமே பிறப்பு என்பது அதன் விதி. மூன்று பெற்றோர் கூடினால்தான் ஒரு பிள்ளை என்று வாழும் உயிரினத்தை, களத்தில் வேலை செய்யும் நம் வயல்நண்டு எங்காவது பார்த்திருந்தால் சொல்லட்டும். அதில் மாற்றிப் பார்க்க எந்த வீதமும் இல்லை, தற்செயலும் இல்லை. கணிப்புக் கோட்பாட்டுக்கு அது பொக்கிஷம், சூழலியலுக்குப் பெயர்ப் பொருத்தம் மட்டும். ‘வா-டோர்’ என்ற சுறாவும் மீனும் விளையாட்டு, ட்யூட்னி 1984இல் எழுதியது, தும்பியின் மாதிரிக்கு இன்னும் நெருக்கமானது. ஆனால் அதில் உயிர்கள் கட்டம் விட்டுக் கட்டம் நகர்கின்றன. கறாராகப் பேசினால் அது செல்லுலார் ஆட்டோமேட்டன் ஆகாது.

பழைய கணக்கன்:

நாற்பது நிறத்தில் சுருள் அலையைப் படம் போட்டுக் காட்டிவிட்டால் உயிரியல் ஆகிவிடும் என்ற நம்பிக்கை இந்தத் துறையில் வெகு காலமாக இருக்கிறது. தம்பி தும்பி, புதுப்பிக்கும் முறையை மாற்றினால் முடிவு மாறுகிறது என்ற உங்கள் நான்காவது கவனிப்புதான் இருப்பதிலேயே முக்கியமானது. அதை இங்கே யாரும் தொடவில்லை.

1992இல் நோவாக்கும் மேயும் பரிணாம விளையாட்டு ஒன்றைப் பலகையில் ஓட்டினார்கள். ஒத்துழைப்பவர், ஏமாற்றுபவர் என்று இரண்டே வகை. ஒவ்வொரு கட்டமும் தன் அண்டையில் அதிக மதிப்பெண் பெற்றவரைப் பார்த்து நகல் எடுக்கும். நடுவில் ஒரே ஓர் ஏமாற்றுக்காரரை வைத்துத் தொடங்கினால் கம்பளத்தில் நெய்ததுபோன்ற சமச்சீர் வடிவங்கள் விரிந்தன. இரு வகையும் என்றென்றும் சேர்ந்து வாழ்ந்தன. 1993இல் ஹூபர்மனும் கிளான்ஸும் ஒன்றே ஒன்றை மாற்றினார்கள். எல்லோரும் ஒரே நொடியில் மாறுவதற்குப் பதில், ஒவ்வொருவராக மாறட்டும் என்றார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட எண்களில் ஒத்துழைப்பவர் கூட்டம் முழுவதும் அழிந்தது. கொண்டாடிய முடிவு ஒரு கடிகாரத்தின், அதாவது புதுப்பிக்கும் முறையின், வேலை.

உங்கள் மாதிரியில் எந்தக் கடிகாரம் ஓடுகிறது, அது எந்த விலங்கின் கடிகாரம்? இதற்குப் பதில் இல்லாமல் முடிவுரை எழுதாதீர்கள்.

அலைமுகம்:

கதையை ஐயா பாதியில் நிறுத்திவிட்டார். நோவாக்கும் கூட்டாளிகளும் 1994இல் பதில் சொன்னார்கள். மதிப்பெண் கூடியவரே எப்போதும் வெல்வார் என்பதற்குப் பதில் வெல்லும் வாய்ப்பு கூடுதல் என்று தளர்த்தி, எண்களையும் பரவலாக மாற்றிப் பார்த்தபோது, ஒவ்வொன்றாகப் புதுப்பித்தாலும் இரு வகையும் சேர்ந்து வாழும் பகுதி கணிசமாக இருந்தது. அழிந்தது அந்தக் கம்பள வடிவமும் குறிப்பிட்ட எண் எல்லையும். இடம் ஒத்துழைப்பவரைக் காப்பாற்ற முடியும் என்ற கருத்து தப்பித்தது.

பழைய கணக்கன்:

தப்பித்தது, ஒப்புக்கொள்கிறேன். கடிகாரத்தை மாற்றிப் பார்த்த பிறகு தப்பித்தது.

எண்சட்டம்:

கடிகாரம் எவ்வளவு தூரம் முடிவைப் புரட்டும் என்பதற்குத் தாளிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு விதி சொல்கிறேன். நிரம்பிய கட்டத்தின் நான்கு அண்டைகளும் நிரம்பியிருந்தால் நெரிசலில் சாவு. காலிக் கட்டத்தின் அண்டையில் ஒன்றாவது நிரம்பியிருந்தால் அங்கே பிறப்பு. வேறு விதியே இல்லை, தற்செயலும் இல்லை. முழுதும் நிரம்பிய பலகையில் தொடங்குங்கள்.

ஒரே நேரத்தில் புதுப்பித்தால், எல்லோருக்கும் நான்கு அண்டைகளும் நிரம்பியிருக்கின்றன, ஆகவே எல்லோரும் ஒரே படியில் சாவு. அடுத்த படியில் பலகை காலி, பிறக்க வைக்க யாரும் இல்லை. ஒரே அடியில் இனம் அழிந்தது. ஒவ்வொன்றாகப் புதுப்பித்தால், முதலில் குலுக்கலில் வந்த ஒன்று சாகிறது. அந்த நொடியே அதன் நான்கு அண்டைகளுக்கும் பக்கத்தில் ஒரு காலி இடம் கிடைத்துவிட்டது. அந்த இடம் மறுபடி நிரம்பும் வரை அவை சாகாது. ஒரு கட்டம் சாக வேண்டுமென்றால் அந்த நேரத்தில் அதன் நான்கு அண்டைகளும் உயிரோடு இருந்தாக வேண்டும். ஆகவே இந்த விதியில் கடைசி உயிர் என்று ஒன்று சாகவே முடியாது. ஒரே விதி. ஒன்றில் உடனடி அழிவு, மற்றதில் நிரந்தர வாழ்வு.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, நிரலில் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்கு, இடமிருந்து வலமாகப் போகிறவர்கள் உண்டு. இப்போதுதான் பிறந்த இரை அடுத்த நொடியே வலப்பக்கத்தில் குட்டி போடும், அது அடுத்ததில் போடும். ஒரே படியில் ஓர் இனம் பலகையின் வலது ஓரம் வரை ஓடிவிடும். எல்லா அலைகளும் ஒரே மூலையை நோக்கிச் சாய்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஒரே நேரத்தில் புதுப்பிப்பதிலும் ஒரு முடிச்சு உண்டு. ஒரு காலிக் கட்டத்தில் இரண்டு இரைகள் ஒரே படியில் குட்டி போட வந்தால் யாருக்கு இடம்? ஒரு இரையை இரண்டு கொன்றுண்ணிகள் தின்ன வந்தால் யாருக்கு உணவு? நிரலில் இது எங்கோ ஒரு வரியில் ஓசையில்லாமல் தீர்மானிக்கப்பட்டுவிடும். அந்த வரியைத் தேடிப் பிடித்து அறிக்கையில் விதியாக எழுதுங்கள். அதுவும் உயிரியல்தான், போட்டியில் யார் வெல்கிறார் என்ற உயிரியல்.

வயல்நண்டு:

இத்தனை பேர் பேசியும், எந்த உயிரினம் என்று தும்பியிடம் ஒருவரும் கேட்கவில்லை! களத்தில் நிற்பவளுக்கு அதுதான் முதல் கேள்வி.

ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்று வாழும் செடியாக இருந்தால் ஒரே நேரத்தில் புதுப்பிப்பது சரியான விவரிப்பு. விதைகள் ஒரே பருவத்தில் முளைக்கின்றன, ஒரே பருவத்தில் பழைய செடிகள் காய்ந்துபோகின்றன. பல பூச்சிகளும் அப்படியே. பாக்டீரியாவுக்கும் எல்லா வயதினரும் கலந்து வாழும் விலங்குக்கும் அது பொருந்தாது, அங்கே ஒவ்வொன்றாகத்தான். கணினிக்காரர்கள் இதை நிரல் எழுதும் வசதி என்று பார்க்கிறார்கள். நான் இதை இனப்பெருக்கப் பருவம் என்று பார்க்கிறேன்.

பலகை வெறும் திரை விளையாட்டு என்ற குறைக்கும் பதில் உண்டு. கார்ல் ஹஃபேக்கர் 1958இல் கலிபோர்னியாவில் உண்மையான பலகை ஒன்றைக் கட்டினார். தட்டுகளில் ஆரஞ்சுப் பழங்கள், அவற்றில் பழத்தைத் தின்னும் ஒரு சிலந்திப்பேன், அந்தப் பேனைத் தின்னும் இன்னொரு பேன். பழத்தின் தோலில் கொஞ்சம் மட்டுமே திறந்துவைத்து மற்றதைக் காகிதத்தால் மூடினார். எளிய ஏற்பாடுகளில் கொன்றுண்ணிப் பேன் இரையை ஏறக்குறையத் துடைத்தெடுத்துவிட்டுப் பட்டினியில் செத்தது. பிறகு பழங்களை நூற்றுக்கு மேல் கூட்டினார். நடுவே வாசலைன் தடவித் தடுப்புகள் போட்டார், நடந்து போகும் கொன்றுண்ணிக்கு அது தாமதம். சிறு குச்சிகளை நட்டார், இரைப் பேன் அவற்றில் ஏறி இழை விட்டுக் காற்றில் பறந்து வேறு பழத்துக்குப் போகும். அந்தச் சிக்கலான ஏற்பாட்டில் இரண்டின் எண்ணிக்கையும் மூன்று முறை ஏறி இறங்கின, அதற்குப் பிறகுதான் அந்தச் சுழற்சி முடிந்தது.

தும்பியின் சிறிய பலகையும் பெரிய பலகையும் இதிலே இருக்கின்றன. ஆனால் ஒரு வித்தியாசம். ஹஃபேக்கரின் பலகையில் இரை தாண்டிப் போகும், கொன்றுண்ணி நடந்து போகும். தும்பியின் பலகையில் இரண்டும் நான்கு அண்டைக்குள்தான். அந்தச் சமத்துவத்துக்கு என்ன ஆதாரம்?

தும்பி:

அக்கா, நான் எந்த உயிரினத்தையும் மனதில் வைத்து எழுதவில்லை. பொதுவான மாதிரி என்றுதான் தொடங்கினேன். இரைக்கு மட்டும் தாவல் தூரத்தைக் கூட்டி ஓட்டுகிறேன்.

பெரிய பலகையில் மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய நேர்க்கோடாக இருக்கிறதே, அதை எப்படிப் புரிந்துகொள்வது? ஏற்ற இறக்கமே இல்லாததைச் சுழற்சி என்று எப்படிச் சொல்வது? நெறியாளருக்கு வளைவு வேண்டும்.

அலைமுகம்:

500க்கு 500 பலகையின் மூலையில் 20க்கு 20 சன்னல் ஒன்றை வெட்டி, அதற்குள் மட்டும் எண்ணிப் பாருங்கள். நெறியாளர் கேட்கும் ஏற்ற இறக்கம் அங்கே கிடைக்கும், அவர் எதிர்பார்ப்பதைவிட முரட்டுத்தனமாக. தொலைவில் இன்னொரு சன்னலை வெட்டினால் அங்கேயும் கிடைக்கும். ஆனால் இங்கே இரை உச்சத்தில் இருக்கும்போது அங்கே அடிமட்டத்தில் இருக்கும். ஒன்றையொன்று அறியாத பல துண்டுகளின் கூட்டுத்தொகைதான் உங்கள் நேர்க்கோடு. சுயேச்சையான துண்டுகள் நான்கு மடங்கானால் சராசரியின் ஆட்டம் பாதியாகும். 50க்கு 50 பலகையில் அப்படிப்பட்ட துண்டு ஒன்றோ இரண்டோதான் அடங்கும். எல்லாம் ஒன்றாக இறங்கும்போது எங்கிருந்தும் மீட்க ஆள் வராது.

சன்னல் சோதனையை முறையாகச் செய்ய, இரண்டு கட்டங்களுக்கு இடையே தூரம் கூடக் கூட அவற்றின் ஒத்திசைவு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அளந்துவிடுங்கள். அந்தத் தூரத்தைப்போலப் பல மடங்கு பெரிய பலகையில்தான் முடிவு சொல்லத் தகும்.

இதற்கு நல்ல முன்னோடி உண்டு. நிக்கல்சனும் பெய்லியும் 1935இல் எழுதிய ஓம்புயிரி, ஒட்டுண்ணிக் குளவி மாதிரியில் அலைவு படிக்குப் படி பெரிதாகி இரண்டும் அழியும். ஹாசெல், காமின்ஸ், மே மூவரும் 1991இல் அதே மாதிரியைப் பலகையின் ஒவ்வொரு கட்டத்திலும் வைத்து, தலைமுறைக்கு ஒரு பங்கு மட்டும் பக்கத்துக் கட்டத்துக்குப் பறக்கட்டும் என்று விட்டார்கள். ஒவ்வொரு கட்டமும் தனியாக இருந்தால் அழியக்கூடியது. பலகை போதிய அளவு பெரிதாக இருந்தால் மொத்தம் பிழைத்தது. பரவும் பங்கைப் பொறுத்து எங்கே சுருள் அலை, எங்கே குழப்பம், எங்கே அசையாத படிக வடிவம் என்றும் பிரித்துக் காட்டினார்கள். அங்கே கட்டத்துக்குள் ஒரு தனி உயிர் இல்லை, ஓர் எண்ணிக்கை இருக்கிறது. ஆகவே தூய செல்லுலார் ஆட்டோமேட்டன் என்று சொல்ல மாட்டேன்.

பழைய கணக்கன்:

தூய, தூய்மையற்ற என்ற சாதிப் பிரிவினையெல்லாம் கணிதத்துக்கு எதற்கு. மாதிரிக்கு மாதிரி ஆதாரம் காட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு மாதிரியை ஆதரிக்க இன்னொரு மாதிரி! வயல்நண்டு சொன்ன ஆரஞ்சுப் பழத்தைத் தவிர இதுவரை இந்த இழையில் உண்மையான உயிர் எதுவும் வரவில்லை.

வயல்நண்டு:

வாங்கிக்கொள்ளுங்கள். கெர், ரைலி, ஃபெல்ட்மன், போஹானன் நால்வரும் 2002இல் செய்தது. ஒரே பாக்டீரியாவில் மூன்று வகை. ஒன்று நஞ்சு சுரக்கும். ஒன்று நஞ்சுக்குச் சாகும். ஒன்று நஞ்சைத் தாங்கும், ஆனால் சுரக்காது. நஞ்சு சுரப்பது சாகக்கூடியதைக் கொல்லும். சாகக்கூடியது, தாங்கும் சுமை இல்லாததால், தாங்குவதைவிட வேகமாக வளரும். தாங்குவது, சுரக்கும் செலவு இல்லாததால், சுரப்பதை முந்தும். மூன்றும் வட்டமாகத் துரத்துகின்றன.

குலுக்கிக்கொண்டே இருக்கும் குடுவையில் வளர்த்தபோது சாகக்கூடியது முதலில் அழிந்தது, பிறகு சுரப்பது தோற்றது, தாங்குவது மட்டும் மிஞ்சியது. அசையாத தட்டில் அண்டை உறவு கெடாமல் வளர்த்தபோது மூன்றும் நீடித்தன. தட்டில் வளர்த்தாலும் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கலைத்துவிட்டால், குடுவையில் நடந்ததே நடந்தது. அவர்களுடைய பலகை மாதிரியும் இதையேதான் காட்டியது. தும்பியின் கலைத்துப் போட்ட பலகையையும் கலைக்காத பலகையையும் உயிருள்ள பொருளில் செய்து காட்டிய சோதனை இது.

மின்மினி:

இது மிக அருமை! அப்படியானால் மாதிரி சரி என்று நிரூபணமாகிவிட்டதா?

வயல்நண்டு:

அந்த பாக்டீரியாவுக்கு, அந்தத் தட்டில், கலைப்பது முக்கியம் என்று தெரிந்தது. அங்கேயே நிற்போம்.

எண்சட்டம்:

தாவல் தூரத்தைப் பற்றி வயல்நண்டு தொட்டுவிட்டுப் போனதால், அண்டை என்று எதை எடுப்பது என்பதையும் பேசிவிடலாம். வான் நியூமன் பெயரில் வழங்கும் நான்கு அண்டை, மூர் பெயரில் வழங்கும் எட்டு அண்டை, இரண்டில் எதையாவது ஒன்றைப் பழக்கத்தில் எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு புள்ளியில் தொடங்கி, அண்டை நிரம்பினால் நானும் நிரம்புவேன் என்ற எளிய விதியை ஓட்டினால், நான்கு அண்டையில் பரவும் வடிவம் சாய்ந்து நிற்கும் சதுரம். நேர்த்திசையில் படிக்கு ஒரு கட்டம் முன்னேறுகிறது, மூலைத்திசையில் 0.71 கட்டம். எட்டு அண்டையில் நிமிர்ந்த சதுரம், மூலைத்திசையில் 1.41. எந்த விலங்கும் வடக்கே ஒரு வேகத்திலும் வடகிழக்கே இன்னொரு வேகத்திலும் பரவுவதில்லை. நிகழ்தகவைச் சேர்த்தால் மூலைகள் மழுங்கும், தாவல் தூரத்தைக் கூட்டினால் இன்னும் மழுங்கும். அறுகோணப் பலகையும் உதவும்.

வேகத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வாழிடம் துண்டுபடுவதைப் பலகையில் காட்டுபவர்கள் கட்டங்களைக் குலுக்கலில் அழித்துக்கொண்டே போவார்கள். பலகையின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வாழக்கூடிய கட்டங்கள் வழியாகவே போக முடிகிறதா என்பது கேள்வி. நான்கு அண்டை என்றால், வாழிடம் 59.3 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது தொடர்ச்சி அறுந்துவிடும். எட்டு அண்டை என்றால் 40.7 சதவீதம் வரை தாங்கும். காட்டில் பாதி மிஞ்சியிருக்கும்போது ஒரு மாதிரி துண்டாகிவிட்டது என்கிறது, மற்றது இன்னும் இணைந்தே இருக்கிறது என்கிறது. இரண்டு மாதிரிகளுக்கும் இடையே வித்தியாசம், விலங்கு மூலை வழியாகத் தாண்டுமா என்பது மட்டுமே. இதைப் போய்க் காப்புத் திட்டத்துக்குப் பரிந்துரையாக எழுதினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

வயல்நண்டு:

யோசித்து எரிச்சல்தான் வருகிறது. விலங்கு எவ்வளவு தூரம் போகும் என்பதை அளக்கக் குறியிட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், பல பருவங்கள் ஆகும். பலகையில் அது ஒரு வரி.

ஆனாலும் அளந்து செய்தவர்கள் இருக்கிறார்கள். ஜொனாதன் சில்வர்டவுனும் கூட்டாளிகளும் 1992இல் ஐந்து வகைப் புற்களைப் பலகையில் போட்டியிட வைத்தார்கள். எந்தப் புல் எந்தப் புல்லின் இடத்தை எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்ற வீதங்கள் சோதனையில் அளந்தவை. குலுக்கலில் நட்டால் நலிந்த புற்கள் சீக்கிரம் மறைந்தன. பட்டை பட்டையாக நட்டால், யார் யாருக்குப் பக்கத்தில் என்பதைப் பொறுத்து முடிவு மாறியது. வீதங்கள் அதேதான், தொடக்க அடுக்கு மட்டும் வேறு. எந்தப் புல் வலியது என்ற கேள்விக்கே, யாருக்குப் பக்கத்தில் என்று சேர்த்துச் சொன்னால்தான் பொருள் இருந்தது.

வூட்டன் 2001இல் வாஷிங்டன் மாநிலத்தின் டட்டூஷ் தீவில் கடலோரப் பாறைகளில் சிப்பிகளும் பிற உயிர்களும் ஒன்றின் இடத்தை ஒன்று எப்படிப் பிடிக்கின்றன என்பதைக் களத்தில் அளந்து, அதிலிருந்தே பலகை விதிகளை எடுத்தார். ஒரு கட்டத்துக்கும் அதன் அண்டைக்கும் இடையே அளந்ததைக் கொண்டு பெரிய பரப்பின் வடிவத்தை முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. விதியைக் களத்திலிருந்து எடுத்து, விதிக்குள் வைக்காத ஒன்றோடு ஒப்பிடுவது. பழைய கணக்கன் ஐயா கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

பழைய கணக்கன்:

அம்மா, இதைத்தான். டட்டூஷ் சிப்பிக்கு என் வணக்கம்.

தும்பிக்கு ஒரு வேலை. டுரெட்டும் லெவினும் 1994இல் ஒரே உயிரியல் அமைப்பை நான்கு விதமாக எழுதி ஒப்பிட்டார்கள். இடமே இல்லாத சமன்பாடு. துண்டு துண்டான வாழிடங்கள். பரவலைச் சேர்த்த சமன்பாடு. தனித்தனி உயிர்கள் கொண்ட பலகை. எங்கே நான்கும் ஒன்று சொல்கின்றன, எங்கே முரண்படுகின்றன என்பதே அந்தக் கட்டுரை. பரவலைச் சேர்த்த சமன்பாட்டையும் நீங்கள் எழுதிப் பாருங்கள். அதிலும் அலை வந்தால், உங்கள் முடிவுக்குக் காரணம் இடம். அதில் வராமல் பலகையில் மட்டும் வந்தால், காரணம் உயிர்கள் எண்ணக்கூடிய தனி ஆட்களாக இருப்பது. இரண்டும் வெவ்வேறு உயிரியல் கூற்றுகள். இப்போது நீங்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறீர்கள்.

தும்பி:

செய்கிறேன் ஐயா. இரையின் தாவல் தூரத்தைக் கூட்டியதில் அலைகள் உடைந்து திட்டுத்திட்டாகிவிட்டன. கொன்றுண்ணி 50க்கு 50 பலகையிலும் முன்பைவிட நீடிக்கிறது, ஆனால் சில ஓட்டங்களில் மட்டும். நீடிக்கிறது என்ற சொல்லை எப்போது பயன்படுத்தலாம்? எவ்வளவு நேரம் ஓட்டிய பிறகு நிறுத்தலாம்?

அலைமுகம்:

எவ்வளவு ஓட்டினாலும் அந்தச் சொல்லுக்கு உரிமை வராது. உங்கள் மாதிரிபோலத் தற்செயலாகச் சாவு நேரும் எல்லா வரம்புள்ள பலகையிலும் இறுதியில் ஒருநாள் அழிவு நேர்ந்தே தீரும். காலி நிலைக்குள் போனால் திரும்பி வர வழியில்லை, அதற்குள் போகும் வாய்ப்போ ஒருபோதும் பூஜ்யம் ஆவதில்லை. நெடுநேரம் ஓட்டினேன், அழியவில்லை என்று எழுதினால் தேர்வாளர் அடுத்த வரியில் இன்னும் நெடுநேரம் ஓட்டச் சொல்வார்.

கேள்வியை மாற்றுங்கள். பலகையின் பரப்பு கூடக் கூட, அழியும் வரையான சராசரி நேரம் எப்படிக் கூடுகிறது? மேலே சொன்ன செடி மாதிரியில் இதற்கான விடை தெரிந்ததே. விகிதம் 1.65க்குக் கீழே இருந்தால் அழியும் நேரம் பரப்பின் மடக்கையைப்போல மெல்லக் கூடும். பலகையைப் பத்து மடங்கு ஆக்கினாலும் கொஞ்சம்தான் தள்ளிப்போகும். மேலே இருந்தால் அடுக்குக்குறியாக ஏறும், சற்றே பெரிய பலகையில்கூட நீங்கள் காத்திருக்க முடியாத நேரமாகிவிடும். விளிம்பிலேயே இருந்தால் பரப்பின் ஏதோ ஓர் அடுக்கு.

ஆகவே 30, 40, 50, 60 என்று சிறிய பலகைகளிலேயே பல ஓட்டங்கள் எடுத்து, அழிந்த நேரங்களின் சராசரியைக் குறியுங்கள். நேரத்தை மடக்கை அச்சிலும் பரப்பைச் சாதாரண அச்சிலும் போடுங்கள். புள்ளிகள் நேர்க்கோட்டில் ஏறினால் நீடிக்கிறது என்று எழுதலாம். வளைந்து தட்டையானால், உங்கள் 500க்கு 500 பலகை தாமதமாகச் சாகிற பலகை மட்டுமே.

எண்சட்டம்:

ஒவ்வோர் ஓட்டத்துக்கும் குலுக்கல் எண்ணின் விதையை, அதாவது அதே ஓட்டத்தைத் திரும்ப வரவழைக்கும் தொடக்க எண்ணை, குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நேர எல்லையில் நிறுத்தப்பட்ட ஓட்டங்களைச் சராசரியிலிருந்து தூக்கி எறியாதீர்கள். அவை நீண்டு வாழ்ந்தவை, எறிந்தால் சராசரி கீழே இழுக்கப்படும். உயிர்வாழ் பகுப்பாய்வில் இதற்கென்றே முறை இருக்கிறது, புள்ளியியல் துறையில் கேட்டால் ஒரு மணி நேரத்தில் சொல்லித் தருவார்கள். வளைவை இரண்டு கடிகாரத்துக்கும் தனித்தனியாகப் போடுங்கள்.